எட்டு மதிப்பெண்ணும் மொறுண்டனும்

‘மொறுண்டன் தன் தெறுமியைச் சலும்பிக் கரையில் பிறுட்டினான். அதைக் கண்ட ஊரார் நொம்மிப் போனார்கள்.’

இப்போது கேள்விகள். மொறுண்டன் எதைப் பிறுட்டினான்? தெறுமியை. எங்கே பிறுட்டினான்? சலும்பிக் கரையில். நொம்மிப் போனவர்கள் யார்? ஊரார். மூன்றுக்கு மூன்று சரி. தெறுமி என்பது தின்கிற பண்டமா, ஓட்டுகிற வண்டியா, அதைப் பிறுட்டுவது குற்றமா கொண்டாட்டமா என்று ஒன்றும் தெரியாமலே முழு மதிப்பெண் வாங்கியாயிற்று. அப்படியொரு சொல்லே தமிழில் கிடையாது.

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில், பாடநூலில் இல்லாத ஒரு பத்தியையோ கவிதையையோ கொடுத்துக் கேள்வி கேட்கும் பகுதிக்கு 8 மதிப்பெண். 2019-20 கல்வியாண்டில் முதல் தாள், இரண்டாம் தாள் என்ற பழைய ஏற்பாடு போய் ஒரே தாள் வந்த பிறகும், இந்தப் பகுதி வினாத்தாளின் கடைசியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. மாணவர்கள் இதைப் ‘பேசேஜ் கொஸ்டின்’ என்பார்கள். ஆசிரியர்களுக்கு இது ‘ஸ்கோரிங் கொஸ்டின்’. எப்படியாவது 35 எடுத்துத் தேறினால் போதும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சிறப்பு வகுப்பில் சொல்லித் தரப்படும் வழி எளிமையானது: கேள்வியில் இருக்கும் முக்கியமான சொல்லைப் பிடி, அது பத்தியில் எந்த வரியில் வருகிறது என்று பார், அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. மொறுண்டனுக்கு நாம் செய்ததும் இதைத்தான்.

தொல்லை என்னவென்றால், இந்த வழி பலிக்கிறது. பலிக்கிற வழியை விட்டுவிட்டுப் பத்தியைப் புரிந்துகொள்ளப் பாடுபடு என்று எந்த ஆசிரியர் சொல்வார்? அவருக்குத் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு மதிப்பெண் வேண்டும். பெற்றோருக்கு நிம்மதி வேண்டும். புரிதல் ஒன்றுதான் இதில் யாருக்கும் அவசரமாகத் தேவைப்படாத சரக்கு.

அதன் விலை எங்கே தெரிகிறது? பிரதம் அமைப்பின் ‘அசர்’ ஆய்வு 2023ஆம் ஆண்டு 26 மாநிலங்களில் 28 ஊரக மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையிலான இளைஞர்களைச் சந்தித்தது. ‘வாட் இஸ் தி டைம்’ என்பது போன்ற எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காடு. அப்படிப் படித்தவர்களிடம் பொருள் கேட்டபோது சொல்ல முடிந்தவர்கள் 73.5 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் நூற்றுக்கு 42 பேர்தான் படித்துப் பொருளும் சொன்னவர்கள். வாய் படிக்கிறது, மனசு வெளியே நிற்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்குக் கிடைக்காது.

இதை ஆங்கிலத்தின் குற்றமாக மட்டும் பார்த்துவிடவும் முடியாது. பத்தாம் வகுப்பு வயதில் இருக்கும் 15 வயது மாணவர்களுக்கென்று உலக அளவில் நடக்கும் ‘பிசா’ தேர்வில், 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாகத் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. அந்தத் தேர்வை மாணவர்கள் தங்கள் பயிற்று மொழியிலேயே எழுதுவார்கள். வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர்கள் சுமார் 17 விழுக்காடு. வளர்ந்த நாடுகளின் சராசரி 81. முடிவு வந்ததும் கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்ற பேச்சு எழுந்தது. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால், அந்தத் தேர்வு வெளியிட்ட பழைய மாதிரி வினாக்களில் ஒன்றைப் பார்த்தால் விஷயம் வேறு இடத்தில் இருப்பது தெரியும். சுவரில் கிறுக்குவதைப் பற்றி இரண்டு பெண்கள் எழுதிய இரண்டு கடிதங்கள். ஒருத்தி பள்ளிச் சுவரை மறுபடி மறுபடி சுத்தம் செய்வதைக் கண்டு கொதிக்கிறாள். இன்னொருத்தி கிறுக்கலை விளம்பரப் பலகைகளோடு ஒப்பிடுகிறாள். அவள் ஏன் விளம்பரத்தை இழுக்கிறாள் என்பது ஒரு கேள்வி. நீ யார் பக்கம் என்பதை ஒதுக்கிவிட்டு, இரண்டில் எது நன்றாக எழுதப்பட்ட கடிதம் என்று சொல், காரணமும் சொல் என்பது இன்னொன்று. தேர்தல் சுவரெழுத்தும் பால் ஊற்றும் கட்-அவுட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் புரியாத சூழல் என்ன இருக்கிறது? சொல்லைப் பிடித்து வரியை எடுக்கும் வித்தை மட்டும்தான் இங்கே வேலைக்கு ஆகாது.

ஆங்கிலம் சேரும்போது இந்தச் சிக்கல் இரட்டிக்கிறது. காரணம் கடினமான சொற்கள்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். சொல்லுக்கு முன்பே வாக்கியத்தின் நடை தமிழ்ப் பிள்ளையைத் தடுக்கிவிடுகிறது. ‘நேற்றுச் சந்தையில் மாடு வாங்கிய பெரியவர்’ என்று தமிழ் சொல்லும்போது, விவரமெல்லாம் முன்னால் வந்து, ஆள் கடைசியில் வருகிறார். ஆங்கிலம் பெரியவரை முதலில் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு ‘ஹூ’ போட்டு, அப்புறம்தான் மாட்டையும் சந்தையையும் நேற்றையும் அவிழ்க்கும். நீண்ட வாக்கியத்தில் இப்படி இரண்டு ‘ஹூ’வும் ஒரு ‘விச்’சும் வந்தால் எந்த வினை யாருடையது என்பது குழம்பிவிடும். ‘வந்தாள்’ என்றால் வந்தது ஒருத்தி என்று தமிழ் வினைமுற்றே காட்டிக்கொடுக்கும். ‘கேம்’ யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ‘மழை பெய்தாலும் ஆட்டம் நடந்தது’ என்பதில் முரணைச் சொல்லும் ‘ஆலும்’ வினையின் வாலில் தொங்குகிறது. ஆங்கிலத்தின் ‘ஆல்தோ’ வாக்கியத்தின் தலைவாசலிலேயே நின்று, ‘பின்னால் மாற்றிச் சொல்லப்போகிறேன்’ என்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை காதில் விழாத மாணவர், ஆட்டம் மழையால் நின்றது என்று எழுதிவிட்டு வருவார். ‘ஹார்ட்லி’யைக் கடினமாக என்று படிப்பது, ‘அன்லெஸ்’ஸை வெறும் ‘இஃப்’ ஆக விழுங்குவது, ‘ஃபியூ’வுக்கு முன்னால் ஓர் ‘எ’ இருக்கிறதா என்று பார்க்காமல் தாண்டுவது எல்லாம் இதே வகைத் தடுக்கல்கள். இவற்றையெல்லாம் இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நாலைந்து வகுப்பில் பிடிபட்டுவிடும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று போர்டு மாட்டிய பள்ளிகளில் அந்த நாலைந்து வகுப்பும் நடக்க வழியில்லை.

சொற்கள் விஷயத்தில் ஒரு கணக்கு பயன்படும். மொழியியல் அறிஞர் பால் நேஷனும் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தவர்களும், ஒரு பகுதியைத் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். ஒரு பக்கத்தில் 250 சொல் இருந்தால் ஐந்து. தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கு, பக்கம் முடிவதற்குள் கை மூடிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம் என்று நூலகர்கள் குழந்தைகளுக்குச் சொல்லும் வழக்கம் இந்தக் கணக்கோடு அழகாக ஒத்துப்போகிறது. தெரியாத சொல்லைச் சூழலை வைத்து ஊகி என்ற அறிவுரையும் அந்த ஐந்து விரல் வரைக்கும்தான் செல்லும். வரிக்கு மூன்று சொல் தெரியாதவரிடம் ஊகிக்கச் சொல்வது, இருட்டறையில் கறுப்புப் பூனை தேடச் சொல்கிற கதை.

அப்படியானால் பத்தாம் வகுப்பு மாணவர் பயிற்சிக்கு எடுக்க வேண்டியது பத்தாம் வகுப்புப் பத்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆறாம் வகுப்புக் கதையாகவும் இருக்கலாம். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு வெட்கமாக இருக்கும், ஆசிரியர்களுக்கும் சங்கடம்தான். ஆனால், எளியதை நிறையப் படிப்பவர்தான் கடினமானதற்கு ஏறுகிறார் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று பிஜித் தீவுகளில் இருக்கிறது. கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்களும் வாழும் நாடு அது. வீட்டில் பிஜி மொழியோ இந்தியோ பேசிவிட்டுப் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள். வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் 1980இல் அங்கே கிராமப்புறப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சில வகுப்புகளில் பிள்ளைகள் தாங்களாகவே மௌனமாகப் படித்தார்கள். சிலவற்றில் ஆசிரியர் படித்துக்காட்டிக் கதையைப் பற்றிப் பேசினார். ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட மற்றப் பள்ளிகளில் வழக்கமான வாக்கிய அமைப்புப் பயிற்சியே தொடர்ந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதைகளில் மூழ்கிய பிள்ளைகள் வாசிப்பிலும், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் வழக்கமான வேகத்தைப் போல இரு மடங்கு வளர்ந்திருந்தார்கள். இரண்டாவது ஆண்டில் அந்த வளர்ச்சி மொழியின் மற்றத் திறன்களுக்கும் பரவியது.

நம்மிடம் இதற்கு அடித்தளம் இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாகச் சிறு நூல்களை அடுக்கியது. அந்தப் பெயர்களே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கும் அதே மாதிரிப் படிகள் வைத்த நூல் வரிசை, பூட்டிய பீரோவில் இல்லாமல் உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகளின் மேசைமேல் கிடக்க வேண்டும். பிரதம் புக்ஸ் நடத்தும் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் வாசிப்பு நிலை குறித்த கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து ‘தூலிகா’ பதிப்பகம் ஒரே பக்கத்தில் இரு மொழியும் வைத்த படக்கதைகளை வெளியிட்டு வருகிறது. வீட்டில் ஆங்கிலப் பேச்சே இல்லாத பிள்ளைக்கு இவை ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைவிட உதவும். தலையங்கம் படி, ஆங்கிலம் வரும் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அதைக் கேட்டு உண்மையிலேயே படித்தவர்கள் எத்தனை பேர், முதல் பத்தியோடு பேப்பரை மடித்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை.

சொல்லும் தெரிந்து, வாக்கியமும் பிடிபட்ட பிறகும் ஒரு தடை மிச்சம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் ஜேம்ஸ் தர்பரின் பேய்க்கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு வீட்டில் நள்ளிரவில் யாரோ நடக்கும் சத்தம், அம்மா செருப்பை எறிந்து பக்கத்து வீட்டு ஜன்னலை உடைக்கிறாள், போலீஸ் வருகிறது, மாடியில் இருக்கும் தாத்தா அவர்களைப் போர்க்களத்திலிருந்து ஓடிவந்த சிப்பாய்கள் என்று நினைத்துக்கொள்கிறார். வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய கதை. பல வகுப்புகளில் அது இழவு வீட்டு அமைதியோடு வாசிக்கப்படுகிறது. தாத்தாவின் மண்டைக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று முன்கூட்டியே ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் பாதி வகுப்பாவது சிரித்திருக்கும்.

அதே புத்தகத்தில் அல்போன்ஸ் தோதே எழுதிய ‘கடைசிப் பாடம்’ கதையும் இருக்கிறது. ஜெர்மானியரிடம் தோற்ற பிரெஞ்சு நிலப்பகுதியில், நாளை முதல் ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்துவிட்ட நாளில் ஒரு ஆசிரியர் நடத்தும் கடைசிப் பிரெஞ்சு வகுப்பு. தாய்மொழியைப் பறிகொடுக்கும் வலியைப் பற்றிய ஒரு பிரெஞ்சுக் கதையை, மொழிப்போர் நடந்த தமிழ்நாட்டின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நோட்ஸ் வைத்து மனப்பாடம் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் தோதேவே இன்னொரு கதை எழுதியிருப்பார். 1870-71 போரைப் பற்றி ஐந்து நிமிடமும், 1938, 1965 மொழிப்போர் பற்றி ஐந்து நிமிடமும் பேசிவிட்டு அந்தப் பாடத்தைத் திறந்தால், பத்தியில் இருக்கும் கடினச் சொற்கள் தாமாகவே கொஞ்சம் இறங்கி வரும்.

இது வெறும் ஊகமில்லை. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம், எட்டாம் வகுப்பைச் சேர்ந்த 64 அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கும் பகுதியைக் கொடுத்தார்கள். படித்ததை மாதிரி மைதானத்தில் மரப் பொம்மைகளை நகர்த்திக் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களை எளிதாக முந்தினார்கள். பேஸ்பாலுக்குப் பதில் கபடியைப் பற்றி ஓர் ஆங்கிலப் பத்தி கொடுத்துப் பாருங்கள். கடைசி பெஞ்ச் எழுந்து நிற்கும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த உலகத்திலிருந்து ஆங்கிலத்துக்குள் போவதற்கு இது நல்ல வாசல். தெரியாத உலகத்துக்கு ஒரு வரைபடம் போதும். பாடநூலில் வரும் ‘தாரிணி’ பாய்மரப் படகு, 2017 செப்டம்பரில் ஆறு கடற்படைப் பெண்களோடு கோவாவிலிருந்து புறப்பட்டு 254 நாள் உலகைச் சுற்றிவிட்டு 2018 மே மாதம் திரும்பியது. உலக வரைபடத்தில் அந்தப் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே படிக்கும் மாணவருக்கும், கேள்வி-பதிலாக உருப்போடும் மாணவருக்கும் ஒரே பாடம் என்று யாராவது சொல்ல முடியுமா?

வகுப்பில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. அன்மேரி பலின்சார், ஆன் பிரவுன் இருவரும் 1984இல் எழுதிய ஆய்வில், வாசிப்பில் திணறிய ஏழாம் வகுப்பு மாணவர்களைச் சிறு குழுவாக உட்கார வைத்தார்கள். ஒரு பத்தி படித்ததும் ஒருவர் அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும், தானே ஒரு கேள்வி கேட்க வேண்டும், புரியாத இடத்தைத் துலக்க வேண்டும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். அடுத்த பத்திக்கு அடுத்தவர் ஆசிரியர். 40 பேர் வகுப்பில் நாலு நாலு பேராகப் பிரித்தால் வாரத்துக்கு ஒரு பீரியட் போதும். இங்கே ஒரு சிறு மாற்றம் தேவை: சாரத்தைத் தமிழில் சொல்ல அனுமதிக்க வேண்டும். புரிந்ததா இல்லையா என்பதுதான் சோதனை. அதை ஆங்கிலத்தில்தான் நிரூபிக்க வேண்டும் என்றால், பேசத் தயங்கும் பிள்ளைகள் புரிந்ததையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் சொல்வது அடுத்த மாத வேலை.

இந்தப் பயிற்சி ஆங்கிலப் பாடத்தோடு முடிகிற சங்கதியும் இல்லை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. அந்த வகுப்புகளில் இருப்பவர்களுக்கு ஒளிச்சிதறலும் உள்நாட்டு உற்பத்தியும் ஆங்கிலப் பத்திகளாகவே வருகின்றன. பத்தியைப் பிளந்து பொருள் எடுக்கத் தெரியாதவர் அறிவியலையும் சமூக அறிவியலையும் மனப்பாடமாகத்தான் சுமக்கிறார். கேள்வியை இரண்டு சொல் மாற்றிக் கேட்டால் சுமை சரிந்துவிடும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, சிலபஸ் எங்கே முடியும் என்று கேட்கும் ஆசிரியரின் கேள்வி நியாயமானது. வினாத்தாள் மாறாதவரை வகுப்பறை மாறாது. ஏற்கெனவே அவர் தலையில் ‘எமிஸ்’ என்ற கல்வித் துறை இணையப் பதிவேடு முதல் சத்துமாத்திரை வரை ஏற்றி வைத்திருக்கிறோம். ஆகவே, மாற்றத்தைத் தாளிலிருந்து தொடங்கலாம், சிறியதாக. அந்த 8 மதிப்பெண் பகுதியின் நான்கு கேள்விகளில் மூன்று இப்போது இருப்பது போலவே இருக்கட்டும். 35க்குப் போராடும் பிள்ளைக்கு அந்தப் பிடிமானம் வேண்டும். நான்காவது மட்டும் வரியைப் பெயர்த்து எழுதி விடையளிக்க முடியாததாக இருக்கட்டும். அதற்கும் ஒரே விடை, ஒரே சாவி என்று திருத்துபவரைக் கட்டிப்போடாமல், பத்தியிலிருந்து காரணம் காட்டினால் மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் எழுதினால் போதும்.

எப்படிப்பட்ட கேள்வி என்பதற்குப் பாடநூலின் முதல் பாடமே இடம் கொடுக்கிறது. லியாம் ஓ’பிளாஹர்டி எழுதிய கடற்பறவைக் கதை. கூடப் பிறந்தவர்களெல்லாம் பறந்துவிட்டார்கள். ஒரு குஞ்சு மட்டும் பயந்துகொண்டு பாறை விளிம்பில் பசியோடு நிற்கிறது. அம்மா ஒரு துண்டு மீனைக் கவ்விக்கொண்டு அதன் பக்கமாகப் பறந்து வருகிறது; எட்டும் எட்டாத தூரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பசி தாங்காத குஞ்சு மீனை நோக்கிப் பாய்கிறது, கீழே விழுகிறது, விழும்போதே சிறகு விரிகிறது. குஞ்சு ஏன் பறக்கவில்லை என்பது இப்போதைய கேள்வி. பயந்ததால் என்பது விடை. அம்மா அந்தத் தூரத்தில் நின்றது கல்நெஞ்சமா, கணக்கா என்று கேட்டுப் பார்க்கலாம். கதையில் எங்கும் அதற்கு விடை எழுதியிருக்கவில்லை. வகுப்பு இரண்டாகப் பிரியும். கல்நெஞ்சம் என்பவர்கள் பசித்த பிள்ளையைக் காட்டுவார்கள், கணக்கு என்பவர்கள் மீனின் தூரத்தைக் காட்டுவார்கள். சண்டையில் ஜெயிக்க இரண்டு கட்சியும் புத்தகத்தைத் திறந்து, அம்மா சிறகசையாமல் நின்ற அந்த வரிக்கு மறுபடி போயாக வேண்டும்.